சர்வேயர் கேட்ட முதல் கேள்வி

சர்வேயர்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, எப்ப வருவார்னு தெரியாது. ரெண்டு, வந்தா எவ்வளவு ஆகும்னு தெரியாது :-)

இந்தப் பதிவு அந்த ரெண்டையும் பத்தி இல்லை. நம்ம நிலத்தையோ வீட்டையோ அளக்க வர்ற மனுஷன், வந்த மாதிரியே கை கால் முழுசா வீடு போய்ச் சேர்றது யார் பொறுப்பு? இதுதான் கேள்வி. சிரிக்காதீங்க மக்களே, கொஞ்சம் சீரியஸான மேட்டர்தான்.

எங்க அம்மா பிறந்த ஊர் சிங்கவரம். செஞ்சியிலிருந்து கொஞ்ச தூரம்தான். பல்லவர் காலத்துல பாறையைக் குடைஞ்சு செஞ்ச ரங்கநாதர் கோயில் அங்க இருக்கு. படுத்திருக்கிற பெருமாளும் அதே பாறையில செதுக்கினவர்தான். சுத்தி எங்க பார்த்தாலும் யாரோ கூடையில அள்ளி வந்து கொட்டின மாதிரி பாறைக் குவியல், நடுநடுவுல நெல்லு, மல்லாட்டை. (வெளியூர்க்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. இதுக்கு மேல விளக்கம் கேட்டா வறுத்துதான் அனுப்பணும்.)

தாத்தா காலத்து நிலம் ஒண்ணு பாகம் பிரியாமலே கிடந்துச்சு. பெரிய மாமா, சின்ன மாமா, அம்மா மூணு பேரும் ஒரு வழியா உட்கார்ந்து பேசி, சரி, அளந்து பிரிச்சுக்கலாம்னு முடிவாச்சு. சர்வே டிபார்ட்மெண்ட்ல இருந்து ரிட்டயர்டு ஆன ஒரு பெரியவர், இப்போ தனியா அளந்து கொடுக்கிறவர், வந்தார். கூட டேப் பிடிக்க ஒரு பையன். இருபது வயசு இருக்கும். காலில் ரப்பர் செருப்பு.

பெரிய மாமா பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரெடியா வெச்சிருந்தார். பெரியவர் அதைக் கையிலகூட வாங்கல.

"இந்த நிலத்துல கிணறு எத்தனைங்க?"

"ஒண்ணுதான் சார். அதோ மோட்டார் ஷெட்டு தெரியுது பாருங்க."

"ஓடுற கிணறைக் கேக்கல. ஓடாத கிணறு?"

மாமா கொஞ்ச நேரம் யோசிச்சார். "எங்கப்பா காலத்துல வெட்டுனது ஒண்ணு இருந்துச்சு... தண்ணி வரலன்னு வுட்டுட்டாங்க. அது தூந்து போயிருக்கும் சார்."

"எங்க?"

மாமா விரல் நீட்டின இடத்துல வெறும் கருவேல முள் புதர். பெரியவர் ஒரு நீளக் கழியை வாங்கிக்கிட்டு, தரையைத் தட்டித் தட்டிப் போய் முள்ளை விலக்கினார். தூரவும் இல்ல ஒண்ணும் இல்ல. கைப்பிடிச் சுவர் இல்லாத தரைக்கிணறு, தரையோட தரையா வாயைத் திறந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு கல்லை எடுத்துப் போட்டார். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி முடிச்ச பிறகுதான் சத்தம் வந்துச்சு. அப்புறம்தான் ஸ்கெட்சை வாங்கி விரிச்சார். நாங்க அளக்க வேண்டிய வரப்பு அந்தக் கிணத்து ஓரமா மூணு அடி தள்ளிப் போகுது.

யாரும் ஒண்ணும் பேசல. அந்தப் பையன் மட்டும் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கிட்டு நின்னான்.

பெரியவர் அப்ப சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "டேப் இழுக்கிறவன் முக்காவாசி நேரம் பின்னாலதான் நடப்பான் தம்பி. அவன் கண்ணு என் கையைப் பார்க்கும். நான் 'வா வா'ன்னா வருவான், 'போ போ'ன்னா போவான். தரையை நான்தான் பார்த்து வெச்சிருக்கணும்."

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பெரிய உண்மை! அளக்கிற வேலையில ஆபத்து ஸ்கெட்ச் வெச்சிருக்கிறவருக்கு இல்ல, டேப்போட அந்த முனையைப் பிடிச்சிருக்கிறவனுக்குத்தான். அவனுக்கு அந்த ஊர் தெரியாது, நிலம் தெரியாது, "சார் சொன்னார்"னு நடக்கிறான்.

அன்னைக்கு அவர் அடுத்தடுத்து கேட்ட கேள்விகளை மனசுல குறிச்சு வெச்சேன். உங்களுக்கும் உதவும்.

மூடாம விட்ட போர் குழி இருக்கா? இது ஏன்னு நான் சொல்லத் தேவையில்ல. 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில இரண்டு வயசுக் குழந்தை விழுந்து, நாலு நாள் நாம எல்லாரும் டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தோமே, அது மறக்குமா? கைவிட்ட போர்வெல்லை மூடணும்னு உச்ச நீதிமன்றம் 2010லேயே வழிமுறை சொல்லியிருந்தும் நடந்தது அது. பெரிய ஆள் உள்ள விழ மாட்டான், ஆனா முழங்கால் வரைக்கும் இறங்கி எலும்பு முறியும்.

வேலியில கரண்ட் விட்டிருக்காங்களா? காட்டுப்பன்றிக்குன்னு திருட்டுத்தனமா கம்பியில கரண்ட் கொடுக்கிற பழக்கம் பல ஊர்ல இருக்கு. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில மூணு யானை செத்துப் போச்சு. யானைக்கே அந்தக் கதின்னா ஸ்டீல் டேப்பை கையில பிடிச்சிருக்கிறவன் எந்த மூலைக்கு?

தலைக்கு மேல லைன் போகுதா? இதை நான் எதிர்பார்க்கல. லெவல் எடுக்கிற ஸ்டாஃப் அலுமினியம். இழுத்து நீட்டினா நாலு மீட்டர், அதுக்கு மேலயும் போகும். மோட்டார் ஷெட்டுக்குப் போற லைன் தொய்ஞ்சு தொங்குற இடத்துல அதைத் தூக்கினா என்ன ஆகும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பாறை இடுக்குல தேன்கூடு இருக்கா? பாம்பு எந்தப் பக்கம் அதிகம்? செஞ்சிப் பக்கம் மாதிரி காய்ஞ்ச கல்லாங்காட்டுல சுருட்டை விரியன் கல்லுக்கு அடியில சுருண்டிருக்கும். எல்லைக்கல்லைத் தேடுறவன் செய்யுற முதல் வேலையே கையால செடியை விலக்கி, கல்லைப் புரட்டுறதுதான்! கழியால தட்டிட்டு அப்புறம் கை வைக்கணும். கடிச்சுட்டா கட்டுப் போட்டு இறுக்குறது, கத்தியால கீறுறது, மந்திரிக்கப் போறது எல்லாம் வேணாம். நேரா செஞ்சி ஜி.ஹெச்., முடியலன்னா முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜ். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறதுல பெரிய பங்கு வடநெம்மேலியில 1978லிருந்து நடக்கிற இருளர் கூட்டுறவு சங்கத்துக்கு உண்டு.

கடைசியா பையன் காலைப் பார்த்தார். "ஷூ எங்க?" "வண்டியில இருக்கு சார்." "அது வண்டிக்கு வாங்கினதா, காலுக்கு வாங்கினதா?" பையன் ஓடிப் போய் மாட்டிக்கிட்டு வந்தான். அதுக்கப்புறம்தான் வேலையே ஆரம்பிச்சது.

சின்ன மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கல. பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முதல் கல்லாவது நட்டுடணும்னு அவசரம். "அந்தப் புதர் பக்கம் நான் நாப்பது வருஷமா போய் வந்துட்டு இருக்கேன், இன்னா ஆயிடுச்சு"ன்னு முணுமுணுத்தார். பெரியவர் கோவப்படல. கோயில் இருக்கிற திசையைக் கையால காட்டி, "உங்க ஊர்க் கதையை நானே சொல்லணுமாங்க?"ன்னார்.

தெரியாதவங்களுக்கு: செஞ்சிக் கோட்டையில இருந்த தேசிங்கு ராஜா, 1714ல ஆற்காடு நவாப் படையோட சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி சிங்கவரம் ரங்கநாதர்கிட்ட உத்தரவு கேட்டானாம். போகாதேன்னு பெருமாள் முகத்தைத் திருப்பிக்கிட்டாராம். அவன் கேட்கல, போனான், செத்தான். இன்னைக்கும் பெருமாள் முகம் அப்படித் திரும்பித்தான் இருக்குன்னு ஊர்ல காட்டுவாங்க. இருபது வயசைத் தாண்டியிருந்த வீரன் அவன். நாட்டுப்புறப் பாட்டெல்லாம் அவன் வீரத்தைப் பாடுது. ஆனா அந்தக் கதைக்குள்ளயே "வேணாம்"னு சொன்ன ஒருத்தர் இருக்கார்ங்கிறதை நாம கவனிக்கிறதே இல்ல. சின்ன மாமா சிரிச்சுட்டார். ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டு மணிக்குக் கல் நட்டாங்க.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு இந்த விஷயம் மண்டையில குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

நம்ம ஊர் நில அளவைக்கு நீளமான சரித்திரம் உண்டு. இன்னைக்குக் கிண்டி இன்ஜினியரிங் காலேஜா இருக்கிறது 1794ல சர்வே சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடமா ஆரம்பிச்சதுதான். 1802ல வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளந்த கோட்டிலிருந்துதான் இந்தியா முழுக்க முக்கோணம் முக்கோணமா அளந்த அந்தப் பெரிய சர்வே கிளம்பிச்சு. அவர்கிட்ட அரை டன் எடையில ஒரு தியோடலைட் இருந்தது. இங்கிலாந்துல இருந்து வர்ற வழியில பிரெஞ்சுக்காரங்க கப்பலோட பிடிச்சு மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், அப்புறம் மரியாதையா திருப்பி அனுப்பின கருவி அது. 1808ல தஞ்சாவூர் சமவெளியில உயரமா நின்னு பார்க்க மலை ஏதும் இல்லாததால, பெரிய கோயில் விமானத்து மேலயே அதை ஏத்தினாங்க. கயிறு அறுந்து கருவி சுவர்ல மோதி அடிபட்டது. லாம்டன் ஆறு வாரம் கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து ஒவ்வொரு பாகமா அவரே சரி பண்ணினார். இந்தக் கதையை எழுதாத ஆள் இல்ல.

ஆனா எனக்கு ஒரு கேள்வி. அரை டன்னை இருநூறு அடிக்கு மேல இழுத்தாங்களே, கயிறைப் பிடிச்சிருந்தது யாரு? கீழ நின்னது யாரு? கருவிக்கு எங்க நசுங்கிச்சுங்கிறது வரைக்கும் எழுதியிருக்காங்க. நான் படிச்ச எதிலயும் கயிறு பிடிச்சவங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. பத்து வருஷம் கழிச்சு லாம்டனுக்கு உதவியாளரா வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், கிருஷ்ணா கோதாவரிக்கு நடுவுல இருக்கிற காட்டுல மழைக்காலத்துல வேலை செய்யப் போய், கூட்டமே காய்ச்சல்ல விழுந்தது. அவர் பேர்ல மலை இருக்கு. காய்ச்சல்ல போன கொடிக்காரங்க பேர்ல தெருகூட கிடையாது.

கொடிக்காரன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஊர்ல இன்னும் நடைமுறையில இருக்கிறது 1923ஆம் வருஷத்து சர்வே மற்றும் எல்லைகள் சட்டம். அதுல நில உடைமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம்: கோட்டுக்குக் குறுக்க நிக்கிற மரம், வேலி, பயிர் எல்லாத்தையும் வெட்டி எடு, கொடி பிடிக்க ஆள் கொடுன்னு. நூறு வருஷமா நாம அந்த மாதிரிதான் யோசிச்சு வந்திருக்கோம். கோடு தெரியணும். கோட்டுல நடக்கிற ஆள்? அது அவன் பாடு.

வெளிநாட்டுல எப்படின்னு பார்த்தேன். இங்கிலாந்துல 1974லேயே வேலையிட ஆரோக்கியம், பாதுகாப்புக்குன்னு ஒரு சட்டம் வந்துடுச்சு. வேலை கொடுக்கிறவருக்கும் கடமை உண்டு, வேலை செய்யுறவருக்கும் கடமை உண்டு, அங்க வந்து போற மூணாவது மனுஷன் மேலயும் பொறுப்பு உண்டுன்னு அது சொல்லுது. லண்டன்ல 1868ல ஆரம்பிச்ச சர்வேயர்கள் சங்கம், ஆர்.ஐ.சி.எஸ்., இதுக்குன்னே தனியா ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருக்கு. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், "பாதுகாப்பான இடம்"னு பேசாம "பாதுகாப்பான ஆள்"னு பேசுது. ஏன்னா சர்வேயருக்கு ஆபீஸ் கிடையாது. தினமும் அடுத்தவன் வீடு, அடுத்தவன் காடு. அதனால ஒவ்வொரு இடத்துலயும் நின்னு, பார்த்து, இது சரியில்லன்னா பின்வாங்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்.

நம்ம நாட்டுலயும் 2020ல நிறைவேறின தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21லிருந்து நடைமுறைக்கு வந்திருக்கு. ஆபத்து இல்லாத வேலையிடம் கொடுக்கிறது முதலாளி கடமை, பாதுகாப்பு இல்லாததைப் பார்த்தா சொல்றது தொழிலாளி கடமைன்னு ரெண்டு பக்கமும் இருக்கு. நல்ல விஷயம். ஆனா பொதுவா பத்து பேர் வேலை செய்யுற இடத்துக்குத்தான் அது பொருந்தும். ஒரு பெரியவர், ஒரு பையன், ஒரு பைக்குன்னு வர்ற கம்பெனிக்கு? அங்க சட்டம்னா அந்தப் பெரியவர் மனசாட்சிதான்.

நிலத்தை விடுங்க, வீட்டுக்கு வருவோம். நீங்க ஹோம் லோன் வாங்கியிருந்தா பேங்க்ல இருந்து ஒரு வேல்யூவர் வந்திருப்பார். என் நண்பன் ஒருத்தன் அந்த வேலைதான் பார்க்கிறான். தனியா பைக்ல ஒரு நாளைக்கு நாலஞ்சு இடம். கைப்பிடி இல்லாத மாடிப்படி, சுவர் எழுப்பாத மொட்டை மாடி, பலகை போட்டு மூடின லிஃப்ட் குழி, மண் மூடின செப்டிக் டேங்க் மூடி, செல்லரிச்ச மர உத்தரத்து மேல நிக்கிற மெட்ராஸ் டெரஸ்... எல்லாத்துலயும் ஏறி இறங்கணும். அவன் சொன்னது: "மச்சி, எனக்கு ஹெல்மெட் ரோட்டுக்கு மட்டும்தான்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கட்டுற வீட்டுக்குள்ள நான் அதைக் கழட்டாம நின்னா கேவலமா பார்க்கிறாங்கடா."

அவன் இன்னொண்ணும் சொன்னான். ஏற முடியாத இடம் இருந்தா ரிப்போர்ட்ல "இந்தப் பகுதியைப் பார்வையிட முடியவில்லை, காரணம் இது"ன்னு எழுதிடுவானாம். மேனேஜர் முகம் சுளிப்பார், பார்ட்டி சண்டைக்கு வரும். ஆனா ஏறாமலே "பார்த்தேன், நல்லா இருக்கு"ன்னு எழுத மாட்டானாம்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. சர்வேயரோட பாதுகாப்பும் அவர் ரிப்போர்ட்டை நம்புற ஜனங்க பாதுகாப்பும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது. பயந்து பார்க்காம விட்டதை பார்த்ததா எழுதினா, அந்த ஆபத்து அப்படியே அடுத்தவன் தலைக்கு மாறுது, அவ்வளவுதான். 2014 ஜூன் 28ல மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த பதினோரு மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ல வெடி வெச்சுத் தகர்த்தாங்க. உள்ள இருந்த பெரும்பாலானவங்க கூலி வேலைக்கு வந்தவங்க. அந்த மாதிரி ஒரு கட்டடத்துல எத்தனை காகிதத்துல எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சா வயித்தைப் பிசையுது.

அப்புறம் மனுஷனால வர்ற ஆபத்து. 1986 ஜூலை 28ல லண்டன்ல சூசி லாம்ப்ளூன்னு 25 வயசு ரியல் எஸ்டேட் ஏஜென்ட், யாரோ ஒருத்தருக்கு வீடு காட்டப் போனவங்க திரும்பவே இல்ல. டைரியில "மிஸ்டர் கிப்பர்"னு ஒரு பேரு மட்டும் எழுதியிருந்தது. இன்னைக்கு வரைக்கும் உடல் கிடைக்கல. அவங்க பேர்ல ஆரம்பிச்ச அறக்கட்டளைதான், தனியா வெளிய போய் வேலை பார்க்கிறவங்க எங்க போறோம், எப்ப வருவோம்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போகணும்ங்கிற பழக்கத்தை அங்க பரப்பிச்சு. நம்ம ஊர்ல 2023 ஏப்ரல்ல தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டுல மணல் கடத்தல் பத்திப் புகார் கொடுத்த வி.ஏ.ஓ.வை அவர் ஆபீஸ்லயே வெச்சு வெட்டிக் கொன்னாங்க. மண்ணு சம்பந்தப்பட்ட வேலைன்னா அரிவாள் தூரத்துல இல்லன்னு அர்த்தம்.

எங்க பெரியவர்கிட்ட இதுக்கும் ஒரு வழக்கம் இருந்துச்சு. வந்ததும் பைக்கை ரோட்டைப் பார்த்த மாதிரி திருப்பி நிறுத்தினார். நான் அப்ப அதை ஸ்டைல்னு நினைச்சேன் :-) பக்கத்து நிலத்துக்காரர் சத்தம் போட்டுக்கிட்டு வந்தப்ப, டேப்பைச் சுருட்டச் சொல்லிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் அப்புறம் அளக்கிறேன்"னு வேப்ப மரத்தடியில போய் உட்கார்ந்துட்டார். அரை மணி நேரத்துல சண்டை தானா அடங்கிச்சு. அளக்கிறவர் கட்சி சேராம இருக்கிறதுகூட பாதுகாப்புதான் போல.

சரி, நாம என்ன பண்றது? நிலமோ வீடோ அளக்க யாராவது வந்தா:

ஓடாத கிணறு, போர் குழி, செப்டிக் டேங்க் மூடி, கரண்ட் கம்பி எங்க இருக்குன்னு அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்சா முதல் நாளே அந்த இடத்துல ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆபத்து அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லாம விடுறதும் குழி வெட்டுறதும் ஒண்ணுதான்.

நாயைக் கட்டுங்க. "ஒண்ணும் பண்ணாது சார்"னு சொல்லாதீங்க. உங்களை ஒண்ணும் பண்ணாது.

வெயில் காலத்துல காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க. வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னே 2024ல அரசு அறிவிச்சாச்சு, நாம இன்னும் "கத்திரி வெயில்தானே"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். சர்வேயருக்கு மட்டும் இளநி வெட்டாதீங்க. டேப் பிடிக்கிற பையனுக்கும் ஒண்ணு வெட்டுங்க.

சர்வேயர் "இங்க இறங்க முடியாதுங்க"ன்னு சொன்னா, அவரைச் சோம்பேறின்னு நினைக்காதீங்க. அப்படிச் சொல்ற ஆள்தான் உங்க நிலத்தையும் ஒழுங்கா அளப்பார்.

சர்வேயர் யாராவது இதைப் படிச்சா அவங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்ககூட வர்ற பையனோட ரத்த வகை, வீட்டு நம்பர், ரெண்டும் உங்க போன்ல இருக்கான்னு இப்பவே ஒரு தடவை பார்த்துடுங்க.

டிஸ்கி: அந்தப் பழைய கிணறு பெரிய மாமா பங்குக்குள்ள வந்துச்சு. இடிச்ச கல்லும் மண்ணும் பதினாலு டிராக்டர் லோடு கொட்டி மூடியாச்சு. செலவை மட்டும் மூணா பிரிச்சுக்கிட்டாங்க. பாகப்பிரிவினையில யாரும் சண்டை போடாத ஒரே கணக்கு அதுதான் :-)